கவனத்துக்குக் கூலி

சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்கினவர் என்று என் வீட்டம்மா என்னைப் பற்றி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள். முப்பத்துச் சொச்சம் வருஷம் அரசாங்கத்தில் கணக்குப் பிரிவில் தலை நிமிராமல் கூட்டிக் கழித்தவனை ஒரு பெண்மணி அப்படிச் சொல்லலாமா என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள். கொஞ்சம் மெதுவாகக் கேளுங்கள், அவள் அடுப்படியில்தான் இருக்கிறாள்.

அப்பேர்ப்பட்டவனிடம் வந்து, "மாமா, சும்மா உட்கார்ந்து பார்த்தாப் போதும், காசு வரும்" என்று ஒருத்தன் சொன்னால் என்ன ஆகும்? சொன்னவன் என் மச்சினன் மகன். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. தீபாவளிக்கு வந்தவன், நான் லேப்டாப்பில் செய்தி படிக்கிற அழகைப் பின்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்தான். நான் ஒரு வரி படிப்பேன். சேலை விளம்பரம் ஒன்று மேலேறி வந்து அடுத்த வரியை மறைக்கும். அதை மூடுவதற்கான பெருக்கல் குறி கண்ணுக்குத் தெரியாத சைஸில் ஒரு மூலையில் ஒளிந்திருக்கும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மூக்கைத் திரையில் வைத்து, குறி பார்த்து அழுத்தினால் சேலைக் கடையே திறந்துகொள்ளும். இப்படி நாலு கடை ஏறி இறங்கி நான் செய்திக்குத் திரும்புவதற்குள் மந்திரி ராஜினாமாவை வாபஸ் வாங்கியிருப்பார்.

"இந்தக் காலத்துலயும் விளம்பரத்தை ஓசியிலயா மாமா பார்த்துட்டு இருக்கீங்க?" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. ஓசியில் வாங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், பல சமயம் கண்ணாடியிலேயே பார்த்திருக்கிறேன். ஆனால் இத்தனை வருஷமாக ஓசியில் கொடுத்துக்கொண்டிருந்தேன் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவன் ஏற்றிக் கொடுத்தது பிரேவ் என்கிற பிரவுசர். ஆரஞ்சு நிறத்தில் ஒரு சிங்க முகம். உள்ளே ஓடுகிற என்ஜின் கூகுள்காரர்களுடைய குரோமியம்தான், மேலே சிங்கம் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம் என்று நினைத்தேன். இல்லையாம். பக்கத்தோடு வருகிற விளம்பரங்களையும் பின்னாலேயே வந்து வேவு பார்க்கிற சமாச்சாரங்களையும் அது வாசலிலேயே நிறுத்திவிடும். நாம் சரி என்று சொன்னால், தன்னுடைய விளம்பரத்தைத் திரையின் ஓரத்தில் துண்டுச் சீட்டாகக் காட்டும். அதற்காக விளம்பரக்காரர் கொடுக்கிற பணத்தில் நூற்றுக்கு எழுபது பார்க்கிறவனுக்கு, மிச்சம் கம்பெனிக்கு. ரூபாயாகத் தர மாட்டார்கள். பேட் என்று ஒரு கிரிப்டோ டோக்கன், அதாகத் தருவார்கள்.

இதை நான் வீட்டம்மாவிடம் பயபக்தியோடு விளக்கினேன். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"அடுத்த வீட்டு நாய் குரைக்குதுன்னு விரட்டிட்டு, அந்த இடத்துல நம்ம நாயைக் கட்டி வச்சுக் குரைக்க விடறதா?"

2016-ஆம் வருஷம் அமெரிக்காவில் பத்திரிகைக் கம்பெனிகள் பல ஒன்று சேர்ந்து, எங்கள் விளம்பரத்தைத் தூக்கிவிட்டு அங்கே உன் விளம்பரத்தைப் போட நீ யார் என்று இதே பிரேவுக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார்கள். பக்கம் பக்கமாக. அத்தனை வக்கீல்களும் சேர்ந்து எழுதினதை இவள் ஒரு கட்டுக் கீரை ஆய்கிற நேரத்தில் சொல்லி முடித்துவிட்டாள். நான் அதைப் பாராட்டவில்லை. குடும்பத்தில் சில பாராட்டுகளை ஒத்திப் போடுவது நல்லது.

இன்னொன்றும் அவளிடம் சொன்னேன். எந்த விளம்பரத்தை யாருக்குக் காட்டுவது என்கிற முடிவு நம் கம்ப்யூட்டருக்குள்ளேயே எடுக்கப்படுகிறது, நாம் என்னென்ன பார்த்தோம் என்பது வெளியே போகாது, நம் அந்தரங்கம் நம் வீட்டுக்குள்ளேயே இருக்கும் என்றேன். அவள் மாடிப்படிப் பக்கம் திரும்பி, எதிர்வீட்டு அம்மாளிடம், "இவரு அந்தரங்கம் வீட்டுக்குள்ளயே இருக்குமாம்!" என்று உரக்கச் சொன்னாள்.

கணக்குப் பிரிவில் இருந்த புத்தி எங்கே போகும்? காசு கொடுக்கிறவன் யார் என்று விசாரிக்காமல் வாங்கக் கூடாது என்று உட்கார்ந்து படித்தேன். ஆரம்பித்தவர்களில் முக்கியமானவர் பிரெண்டன் ஐக். ஜாவாஸ்கிரிப்ட் என்கிற கம்ப்யூட்டர் மொழியை 1995-இல் நெட்ஸ்கேப் கம்பெனியில் இருந்தபோது பத்தே நாளில் செய்தவர். இன்றைக்கு இணையத்தில் பெரும்பகுதி அதில்தான் ஆடுகிறது, சேலை விளம்பரம் உட்பட. பிறகு மொஸில்லாவைத் தொடங்கினவர்களில் ஒருவராக இருந்து, 2014-இல் அதன் தலைமைப் பொறுப்புக்கு வந்து, ஒரு சர்ச்சையில் பதினோரு நாளில் விலகினார். மொழி செய்யப் பத்து நாள், பதவி போகப் பதினோரு நாள். வேகமான மனிதர். அடுத்த வருஷமே பிரேவ் கம்பெனி.

2017 மே 31-ஆம் தேதி அவர்கள் பேட் டோக்கனை விற்பனைக்கு விட்டார்கள். முப்பது விநாடிக்குள் மூன்றரைக் கோடி டாலர் வந்து விழுந்துவிட்டது. முப்பது விநாடி! எங்கள் வீட்டு கேஸ் லைட்டர் அந்த நேரத்தில் பொறிகூட விடாது. மொத்தம் 150 கோடி டோக்கன். இந்தியாவில் ஆளுக்கு ஒன்று கொடுத்தாலும் கையில் மிஞ்சும். அந்த மிச்சத்தில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்று நம்பினதில் தப்பு ஒன்றும் இருப்பதாக எனக்கு இன்றைக்கும் தோன்றவில்லை.

"பேட்னா என்னங்க, கிரிக்கெட் மட்டையா?"

"இல்லை. பேசிக் அட்டென்ஷன் டோக்கன். அதாவது, ஒரு மனுஷன் அடிப்படையா ஒரு விஷயத்துல காட்டுற கவனத்துக்கு மரியாதையாக் கொடுக்கிற கூலி."

அவள் கீரைத் தட்டைக் கீழே வைத்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். "உங்க கவனத்துக்கா?" என்றாள். "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நானும் கேட்டுட்டு இருக்கேன், எனக்குக் கிடைக்கல. அவன் அமெரிக்காவுலேர்ந்து காசு குடுத்து வாங்குறானா? பாவம், கொடுத்த காசை எப்படித் திருப்பி வாங்கப்போறானோ."

நான் பதில் சொல்லவில்லை. மூலையில் அப்போதுதான் முதல் துண்டுச் சீட்டு வந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மணி நேரத்துக்கு எத்தனை விளம்பரம் வரலாம் என்று நாமே முடிவு செய்துகொள்ளலாம். உச்சம் பத்து. நான் பத்தில் வைத்தேன். அன்றிலிருந்து என் நாளின் நடையே மாறிவிட்டது. முன்பெல்லாம் விளம்பரம் வந்தால் எரிச்சல் வரும், இப்போது வராவிட்டால் வந்தது. காலையில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து மூலையையே பார்ப்பேன். ஏதோ ஒரு கிரிப்டோ சந்தைக்காரன் கணக்குத் தொடங்கச் சொல்வான், இன்னொருத்தன் விளையாட்டுக்குக் கூப்பிடுவான். எனக்கு மூட்டுவலி, பல் செட்டு, பேரனுடைய காதுகுத்து என்று ஆயிரம் தேவை. அந்தக் கடைக்காரர்கள் யாருக்கும் இந்தச் சிங்கத்தைத் தெரியவில்லை. ஆனாலும் நான் ஒவ்வொரு சீட்டையும் கடைசி எழுத்துவரை படித்தேன். கூலி வாங்குகிறவன் வேலையை ஒழுங்காகச் செய்ய வேண்டும் அல்லவா? மேலோட்டமாகப் பார்த்துவிட்டுக் காசு வாங்க என் மனசு ஒப்பவில்லை. ஆபீஸில் இந்த மனசாட்சி எங்கே போயிருந்தது என்று வீட்டம்மா கேட்டாள்.

காதுகுத்து என்றதும் ஞாபகம் வருகிறது. விழா முடிந்து சம்பந்தி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். மரியாதைப்பட்ட மனிதர், அதிர்ந்து பேச மாட்டார், காபியைக்கூட ஓசையில்லாமல் குடிப்பவர். அவருக்குப் போட்டோக்களைக் காட்டலாம் என்று லேப்டாப்பை டி.வி.யில் இணைத்தேன். பெரிய திரையில் பேரன் தாய்மாமன் மடியில், ஆசாரி கையில் ஊசி, குழந்தை வாயைத் திறக்கிற கட்டம். எல்லாரும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள். மூலையில் சீட்டு வந்தது.

பார்க்காத மாதிரி அடுத்த படத்துக்குப் போயிருக்கலாம். எந்தப் புத்தியுள்ள மனிதனும் அதைத்தான் செய்திருப்பான். நான், "ஒரு நிமிஷம் சம்பந்தி" என்று சொல்லிவிட்டு எழுந்து, டி.வி. பக்கத்தில் போய் நின்று, அதை முழுக்கப் படித்தேன். சில நிமிஷத்தில் அடுத்தது வந்தது. அதற்கும் எழுந்தேன். மணிக்குப் பத்து என்று வைத்தவன் நானே அல்லவா? மூன்றாவது சீட்டில் 'இன்றே கடன் பெறுங்கள்' என்கிற மாதிரி எதுவோ இருந்தது. சம்பந்தி காபி டம்ளரை ஓசையோடு கீழே வைத்தார்.

"மாப்பிள்ளை வீட்டுல ஏதாவது உதவி வேணும்னா கூச்சப்படாமச் சொல்லுங்க" என்றார்.

அன்று இரவு என் வீட்டம்மா பேசின பேச்சில் நான் காட்டின கவனத்துக்கு உலகத்தில் எந்தக் கம்பெனியும் கூலி கொடுத்திருக்க முடியாது.

பகலில் இப்படி அவமானம் வருகிறதே, இரவில் யாரும் பார்க்காமல் சம்பாதித்தால் என்ன என்று ஒரு யோசனை வந்தது. யோசனை வருகிற நேரமெல்லாம் எனக்குச் செலவு வரும் என்பது ஜாதகத்திலேயே இருக்கிறது. மணிக்குப் பத்து என்றால் ராத்திரி பத்திலிருந்து காலை ஆறுவரை எண்பது. தூங்கிக்கொண்டே எண்பது! லேப்டாப்பைத் திறந்தபடி கூடத்து மேஜையில் வைத்துவிட்டுப் படுக்கப் போனேன். உள்ளே மின்விசிறி உய்யென்று ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே தூங்குவது தனிச் சுகம். நமக்காக யாரோ கூடத்தில் உட்கார்ந்து உழைக்கிறார்கள். இப்படியே ராத்திரி ராத்திரியாகப் போயிற்று.

மச்சினன் மகன் போனில் சிரித்தான். "மாமா, ஆள் உட்கார்ந்து பிரவுசரைப் பயன்படுத்தினாத்தான் விளம்பரமே வரும். எதிர்ல ஆளில்லைன்னா அதுக்குத் தெரியும்."

அதற்குத் தெரிந்திருக்கிறது. கரண்ட் மீட்டருக்குத்தான் தெரியவில்லை. நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒரு பில், முதல் நூறு யூனிட் இலவசம் என்பது உங்களுக்கும் தெரியும். ஐந்நூறைத் தாண்டினால் கட்டண விகிதமே வேறு, முன்னால் எரித்ததில் ஒரு பகுதிக்கும் சேர்த்து ரேட் ஏறும் என்பதும் தெரியும். என் வீட்டம்மா அந்த ஐந்நூறு யூனிட் கோட்டை வருஷக்கணக்காகக் காவல் காத்தவள். மிக்ஸியைக் கூட மீட்டரைப் பார்த்துவிட்டுத்தான் போடுவாள். அந்தத் தடவை பில் கோட்டைத் தாண்டிவிட்டது. யார் தாண்டினார்கள் என்று அவள் கேட்கவே இல்லை. பில்லை எடுத்து லேப்டாப் மூடிமேல் பசை போட்டு ஒட்டிவிட்டாள். இப்போதும் அதில்தான் இருக்கிறது.

சரி, இத்தனைக்கும் வந்தது எவ்வளவு என்றுதானே கேட்கிறீர்கள்? அது ஒரு தனி அனுபவம். பேட் கணக்கில் தசமப் புள்ளிக்குப் பின்னால் பதினெட்டு இடம்வரை உண்டு. என் தாத்தா காலத்துப் பையன்கள் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மாகாணி, காணி, முந்திரி என்று கீழ்வாய்க் கணக்கு மனப்பாடம் செய்தார்கள். முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒரு பங்கு, அதற்கும் கீழே கீழ்முந்திரி, இம்மி என்று போய்க்கொண்டே இருக்கும். இதையெல்லாம் யார் எதற்குப் பயன்படுத்தப் போகிறார்கள் என்று நான் சின்ன வயசில் நினைத்ததுண்டு. எனக்காகத்தான் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். மாதா மாதம் கணக்கு வந்து விழும்போது, எத்தனை சைபருக்குப் பிறகு நான் ஆரம்பிக்கிறேன் என்று கண்ணாடி போட்டு எண்ணுவேன்.

கம்பெனியைக் குறை சொல்லவில்லை. சொன்னபடி கொடுத்தார்கள். நம் பக்கத்தில் விளம்பரம் குறைவு, கூலியும் குறைவு. அதோடு, இந்த டோக்கன் 2021 நவம்பரில் ஒன்றரை டாலருக்கு மேலே போய் நின்றதாம். நான் பார்க்க ஆரம்பித்தபோது அது கால் டாலரைச் சுற்றி இறங்கியிருந்தது. ஒரு பொருளின் விலை உச்சத்திலிருந்து விழுந்து ஓய்ந்ததும், அங்கே போய்ச் சரியாக நிற்கிற திறமை எனக்கு நிலம், தங்கம், சீட்டு எல்லாவற்றிலும் உண்டு. மொத்தத்தில், பல மாதம் படித்த சீட்டுகளுக்கெல்லாம் சேர்த்து முப்பது ரூபாயைத் தொட்டது. நம் தெருமுனையில் இரண்டு டீ. மூன்றாவது டீ கேட்டால் கடன் சொல்ல வேண்டும்.

ஆனாலும் அது என் காசு. பென்ஷனுக்கு அப்புறம் நான் சுயமாகச் சம்பாதித்த காசு. அதை ரூபாயாக்கிக் கையில் வாங்கி, வீட்டம்மா எதிரில் வைத்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. அதற்கு ஒரு கிரிப்டோ நிறுவனத்தில் கணக்குத் தொடங்கி இணைக்க வேண்டும். நேரே இதேரியம் சங்கிலி வழியாக நாமே அனுப்பிக்கொள்ளலாமே என்று கேட்டேன். அதற்கு ஆகிற கட்டணம் சில நாளில் பல டாலருக்குப் போகும் என்றான் பையன். முப்பது ரூபாயை அனுப்ப மூவாயிரம் ரூபாய் வண்டிச் சத்தம் கொடுக்கிறவன் நானாக இருந்திருப்பேன், அவன் தடுத்துவிட்டான்.

கணக்கு தொடங்கப் போனால் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம். நமக்கு இருப்பதே ஒரு பெயர், முன்னால் ஒரு இனிஷியல். ஆதாரில் இனிஷியல் பின்னால் இருக்கிறது. பான் அட்டையில் அப்பா பெயர் முழுசாக முன்னால் நிற்கிறது. ரேஷன் அட்டையை நான் காட்டவில்லை, அதில் வேறு யாரோ இருக்கிறார். அப்பா பெயரைக் கடைசிப் பெயராகப் போட்டேன். அன்றிலிருந்து அந்த நிறுவனம் அனுப்புகிற கடிதமெல்லாம் என் அப்பாவை விளித்தே வருகிறது. 'உங்கள் ஆவணங்கள் பொருந்தவில்லை, நீங்கள் யார் என்பதை உறுதி செய்யுங்கள்' என்று. காலமாகி வெகுகாலம் ஆனவர். உயிரோடு இருந்தபோதும் என் விஷயத்தில் அவருக்கு இதே சந்தேகம்தான் இருந்தது.

அதற்கு அப்புறம் முகப் பரிசோதனை. போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, இடது பக்கம் திரும்பு, வலது பக்கம் திரும்பு, கண்ணைச் சிமிட்டு என்று அது சொல்லச் சொல்லச் செய்ய வேண்டும். நான் கூடத்தில் நின்று செய்துகொண்டிருந்தேன். திரும்பினேன், சிமிட்டினேன், தலையை ஆட்டினேன். 'ஒன்றுக்கு மேற்பட்ட முகங்கள் தெரிகின்றன' என்றது. திரும்பிப் பார்த்தால் தோளுக்குப் பின்னால் வீட்டம்மா.

"யாருங்க அது? நான் சொல்லி ஒரு நாள் ஆட்டாத தலையை இப்படி ஆட்ட வைக்கிறது?"

எப்படியோ ஒருநாள், எந்த மகானுபாவன் மனசு இரங்கினானோ, கணக்கு திறந்துவிட்டது. விற்கலாம் என்று கையை வைக்கப் போனேன். அப்போது எனக்குள் இருந்த பழைய கணக்கன் விழித்துக்கொண்டான். வருமானம் என்றால் வரி உண்டே? ஆடிட்டரைக் கூப்பிட்டேன். எனக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதால் போனை ஸ்பீக்கரில் போட்டேன். இந்தக் கதையில் நான் செய்த காரியங்களிலேயே விலை கூடினது அதுதான்.

ஆடிட்டர் பொறுமையாக விளக்கினார். 2018-இல் ரிசர்வ் வங்கி இந்த வியாபாரத்தோடு வங்கிகள் சகவாசம் வைக்கக் கூடாது என்றது. 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2022 பட்ஜெட்டில் நிர்மலா சீதாராமன் இதற்கு மெய்நிகர் டிஜிட்டல் சொத்து என்று பெயர் வைத்து முப்பது சதவீத வரி போட்டார். தடையும் இல்லை, அங்கீகாரமும் இல்லை, வசூல் மட்டும் உண்டு. எங்கள் வீட்டில் எனக்கும் அந்தஸ்து அதுதான் என்பதால் எனக்குச் சுலபமாகப் புரிந்தது.

"முப்பதா? லாட்டரிக்கும் குதிரைப் பந்தயத்துக்கும்தானே சார் முப்பது?"

"இதுக்கும் அதேதான் சார். மேல நாலு சதவீதம் செஸ். கைமாறும்போது ஒரு சதவீதம் டீ.டி.எஸ்.னும் ஒண்ணு இருக்கு."

வாழ்க்கையில் ஒரு லாட்டரிச் சீட்டு வாங்காதவன், கிண்டி பக்கம் போனால் குதிரை இருக்கிற திசையைக்கூடப் பார்க்காதவன், மூலையில் வந்த துண்டுச் சீட்டைப் படித்ததற்காகக் குதிரைக்காரர்கள் வரிசையில் நிற்கிறேன். சரி, போகட்டும், சம்பாதிக்க ஆன செலவைக் கழித்துக்கொள்ளலாம் அல்லவா என்று கரண்ட் பில்லை மனசில் வைத்துக் கேட்டேன்.

"அடக்க விலையைத் தவிர வேற எந்தச் செலவும் கழிக்க முடியாது சார். நஷ்டம் வந்தா அதை இன்னொரு வருமானத்துலயும் கழிக்க முடியாது."

"எனக்கு அடக்க விலையே கிடையாதே, சும்மா வந்ததுதானே?"

"அப்ப கழிக்க ஒண்ணுமில்ல." கொஞ்சம் தயங்கிவிட்டு, "இன்னொரு விஷயம். இத்தனை வருஷமா உங்களுக்கு சகஜ்னு சொல்ற ஐ.டி.ஆர்-1 போட்டுட்டு இருந்தேன், பென்ஷன், வட்டி, முடிஞ்சது. இதை வித்தீங்கன்னா அது ஆகாது. ஐ.டி.ஆர்-2 போடணும். அதுல இதுக்குன்னே தனி அட்டவணை, எப்ப வந்தது, எப்ப வித்தது, எவ்வளவுக்குன்னு ஒவ்வொண்ணா எழுதணும். நீங்க இனிமே சகஜ் கிடையாது சார்."

ஃபீஸ் எவ்வளவு என்று கேட்டேன். அதை இங்கே எழுதவில்லை. எழுதினால் முப்பது ரூபாய் கூசிப்போகும்.

விற்கவில்லை. டோக்கன் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது, அப்பா பெயரில். பிடித்த எழுத்தாளருக்கோ இணையதளத்துக்கோ அன்பளிப்பாகக் கொடுக்கவும் அதில் வழி உண்டு என்றான் பையன். நான் இன்னும் அந்தப் பக்குவத்துக்கு வரவில்லை. அவ்வளவு கண் வலியோடு சம்பாதித்ததைத் தானம் செய்ய மனசு வேண்டும். பிரேவை மட்டும் எடுக்கவில்லை, செய்தி படிக்க நன்றாக இருக்கிறது. சேலை வருவதில்லை. கூலியை நிறுத்திவிட்டேன், அவ்வளவுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை பழைய பேப்பர்காரர் வந்தார். வீட்டம்மா பரணிலிருந்து கட்டுக் கட்டாக இறக்கினாள். தராசு முள் நடுவில் நிற்கிறதா என்று குனிந்து பார்த்து, கிலோவுக்கு ஒரு ரூபாய் ஏற்றிப் பேசி, இருநூற்று நாற்பது ரூபாய் எண்ணி வாங்கினாள். எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. இந்தப் பேப்பர்களில் வந்த விளம்பரத்தையெல்லாம் பார்த்தது யார்? வரன் தேவையிலிருந்து கண்ணீர் அஞ்சலி வரைக்கும் ஒன்று விடாமல் படித்தது யார்? நான்தானே!

"அதுல எழுபது சதவீதம் என்னோடது" என்றேன்.

பேப்பர்காரர் சைக்கிளில் கட்டுவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்.

"எப்படி?"

"பார்க்கிறவனுக்கு எழுபது, கம்பெனிக்கு முப்பது. சர்வதேச வழக்கம்."

அவள் மறுக்கவில்லை. அதைப் பார்த்தே நான் உஷாராகியிருக்க வேண்டும். "சரி, கணக்குப் போட்டுடலாம்" என்று படியில் உட்கார்ந்தாள். "ஸ்பீக்கர்ல உங்க ஆடிட்டர் சொன்னது நல்லாவே காதுல விழுந்துச்சு. இருநூத்தி நாப்பது வரவு. வேற செலவு கழிக்க முடியாது, அடக்க விலை மட்டும் கழிக்கலாம். அப்படித்தானே?"

"அப்படித்தான்" என்றேன், சட்டம் தெரிந்தவன் பெருமையோடு.

"பேப்பருக்கு மாசா மாசம் காசு குடுத்தது யாரு? என் வீட்டுச் செலவுப் பணம். இது நாலு மாசப் பேப்பர். அதுதான் அடக்க விலை. கழிச்சுப் பாருங்க."

கழித்துப் பார்த்தேன். முப்பத்துச் சொச்சம் வருஷம் கழித்த கைக்கு நேரம் ஆகவில்லை. சைபருக்குக் கீழே வெகுதூரம் போய் நின்றது.

"நஷ்டம்" என்றேன்.

"அதுல எழுபது சதவீதம் உங்க பங்கு" என்று கையை நீட்டினாள். "பணமாக் குடுங்க, டோக்கன் வேண்டாம்."